மேக்ஃபைலில் ரூல்களின் வரிசை: எதை மேலே எழுதுவது, எதைக் கீழே எழுதுவது?

ஜூன் 2, இரவு 9.10. கேள்வி

அப்பாவின் கடைக்கு பில் போடும் சின்ன புரோகிராம் ஒன்றை சி-யில் எழுதுகிறேன். அச்சு.சி, கணக்கு.சி, மெயின்.சி என்று மூன்று கோப்புகள். இவற்றைக் கம்பைல் செய்து பில் என்ற ஒரே புரோகிராமாக ஆக்க மேக் என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன். எதிலிருந்து எதை எப்படி உருவாக்குவது என்று சொல்லும் ரூல்களை மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுத வேண்டும். மேக்ஃபைலில் ரூல்களை எந்த வரிசையில் எழுதினாலும் ஒன்றுதான், மேக் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று வகுப்பில் சொன்னார்கள். அதை நம்பி, கடைசியில் கிடந்த "-இன்க்ளூட் *.டி" வரியைத் தூக்கி உச்சியில் வைத்தேன். அன்றிலிருந்து மேக் என்று அடித்தால், அச்சு.ஓ (அச்சு.சி-யைக் கம்பைல் செய்தால் வரும் கோப்பு) ஏற்கெனவே புதிதாகத்தான் இருக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. மெயின்.சி-யில் எதை மாற்றினாலும் பில் மாறுவதில்லை. கிளீன் போட்டு, உருவான கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டு அடித்தால் மூன்று கோப்பும் கம்பைல் ஆகி ஒழுங்காக வருகிறது. அடுத்த தடவை மறுபடியும் அதே கதை. மேக்கில் பக் (பிழை) இருக்கிறதா?

ஜூன் 2, இரவு 9.50

பக் இல்லை. வகுப்பில் சொன்னது முக்கால்வாசி சரி, மீதிக் காலில் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

எந்த டார்கெட் (உருவாக்க வேண்டிய கோப்பு அல்லது செய்ய வேண்டிய வேலை) வேண்டும் என்று சொல்லாமல் வெறுமனே மேக் என்று அடித்தால், கோப்பில் முதலில் வரும் டார்கெட்டை எடுத்துக்கொள்ளும். அதற்குத் தேவையானதை மட்டும் செய்யும். இந்த ஒரு இடத்தில் வரிசைதான் எல்லாம். புள்ளியில் தொடங்கும் பெயர்களையும் சதவீதக் குறி போட்டுப் பல கோப்புகளுக்குப் பொதுவாக எழுதும் பேட்டர்ன் ரூல்களையும் இதற்குக் கணக்கில் எடுக்காது. அதனால்தான் .ஃபோனி வரியை (கோப்பாக இல்லாத, வெறும் வேலைப் பெயர்களைச் சொல்லும் வரி) உச்சியில் வைத்தாலும் ஒன்றும் ஆவதில்லை.

உங்கள் .டி கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். ஜிசிசி என்ற கம்பைலருக்கு -எம்எம்டி கொடுத்ததால் கம்பைல் ஆகும்போது அதுவே எழுதி வைத்தது. உள்ளே "அச்சு.ஓ: அச்சு.சி அச்சு.எச்" என்று இருக்கும். அதுவும் ஒரு ரூல்தான். இன்க்ளூட் என்றால் அந்த வரியை அந்த இடத்திலேயே ஒட்டுவது என்று பொருள். நீங்கள் உச்சியில் ஒட்டினீர்கள், அச்சு.ஓ முதல் டார்கெட் ஆகிவிட்டது.

கிளீன் போட்டால் ஏன் சரியாகிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. உங்கள் கிளீன் .டி கோப்புகளையும் அழிக்கிறது. அவை இல்லாதபோது ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. முன்னால் கோடு போட்ட இன்க்ளூட் என்பதால் கோப்பு இல்லை என்று புகாரும் வராது. எனவே பில் முதல் டார்கெட் ஆகிறது, மூன்றும் கம்பைல் ஆகின்றன, அந்த ஓட்டத்திலேயே .டி கோப்புகள் பிறக்கின்றன. அடுத்த தடவை அவை உள்ளே வந்து முதலிடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இன்க்ளூடைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள். கூடவே, உச்சியில் "எல்லாம்: பில்" என்று ஒரு வரி எழுதி, எல்லாம் என்பதை .ஃபோனியில் சேருங்கள். அந்த வரி இருந்தால் நாளைக்கு யார் எதை எங்கே நகர்த்தினாலும் பெரிதாகப் பாதிக்காது.

ஜூன் 2, இரவு 10.35

தூங்கப் போகும் முன் இன்னொன்று. திருத்தியாயிற்று, ஆனால் புரோகிராம் மாறவில்லை என்று நீங்கள் திணறியதிலிருந்துதான் மேக்கே பிறந்தது. 1976-இல் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இதை எழுதினார். யாக் என்ற பார்சர் உருவாக்கும் கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன், பக்கைத் திருத்திவிட்டு அந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்ய விட்டுப்போய், சரியாக இருக்கும் புரோகிராமில் ஒரு காலைப் பொழுது முழுக்கப் பிழை தேடியிருக்கிறார். அந்த எரிச்சலோடு அவர் ஃபெல்ட்மனின் அறைக்குள் வந்ததுதான் தொடக்கம். கணினித் துறைச் சங்கமான ஏசிஎம்-இன் 2003-க்கான மென்பொருள் விருது மேக்குக்காக ஃபெல்ட்மனுக்குக் கிடைத்தது.

ஜூன் 3, காலை 7.15

நேற்று "இந்த ஒரு இடத்தில்" என்று எழுதினேன். தவறு. காலையில் பல் தேய்க்கும்போதே உறைத்தது. வரிசை முக்கியமாகும் இரண்டாவது இடம் வேரியபிள், அதாவது ஒரு பட்டியலுக்கு நாம் வைக்கும் பெயர்.

மேக் கோப்பை ஒரு தடவை மேலிருந்து கீழே முழுக்கப் படிக்கும். படித்து முடித்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். ரூலின் முதல் வரியில், அதாவது டார்கெட்டும் அதன் தேவைகளும் இருக்கும் வரியில், வரும் வேரியபிள்களைப் படிக்கும்போதே விரித்துவிடும், அதாவது பெயருக்குப் பதில் அதன் மதிப்பைப் போட்டுவிடும். டேப் போட்டு எழுதும் கட்டளை வரிகளை அப்படியே வைத்திருந்து, ஓட்டும் நேரத்தில்தான் விரிக்கும். இப்போது இதைப் பாருங்கள்:

பில்: $(ஓக்கள்)
	ஜிசிசி -ஓ $@ $(ஓக்கள்)

ஓக்கள் = அச்சு.ஓ கணக்கு.ஓ மெயின்.ஓ

($@ என்றால் டார்கெட்டின் பெயர்.) முதல் வரியைப் படிக்கும் நேரத்தில் ஓக்கள் காலி. ஆகவே பில்லுக்குத் தேவை என்று ஒன்றுமே பதிவாகாது. கட்டளை ஓடும் நேரத்தில் ஓக்கள் நிரம்பியிருக்கும். பழைய .ஓ கோப்புகள் ஃபோல்டரில் கிடந்தால் அவற்றையே சத்தமில்லாமல் லிங்க் செய்து (ஒன்றாக இணைத்து) பில்லை உருவாக்கிவிடும். பில் ஒரு தடவை உருவாகிவிட்டால், அதற்குத் தேவை எதுவும் இல்லாததால், பிறகு எதை மாற்றினாலும் புதிதாகத்தான் இருக்கிறது என்றே பதில் வரும்.

வெறும் = போட்டால் தேவைப்படும்போதுதான் விரியும், அதனால் எங்கே எழுதினாலும் சரி என்று பலர் நம்புகிறார்கள். கட்டளை வரிக்கு அது பொருந்தும். தேவைகள் வரிக்குப் பொருந்தாது, அங்கே = என்றாலும் := (எழுதிய இடத்திலேயே விரிவது) என்றாலும் வேரியபிள் மேலே இருந்தாக வேண்டும்.

உங்கள் கோப்பில் நட்சத்திரக் குறிக்குப் பதிலாக ஓக்களிலிருந்து .டி பெயர்களை உண்டாக்கி இன்க்ளூட் செய்திருந்தால், உச்சிக்கு நகர்த்தியபோது அந்தப் பட்டியல் காலியாகியிருக்கும். முதல் டார்கெட் மாறியிருக்காது, ஆனால் ஹெடர் (.எச் கோப்பு) மாற்றங்கள் எதுவும் கண்ணில் பட்டிருக்காது. கண்டுபிடிக்கப் பல வாரம் ஆகியிருக்கும்.

ஜூன் 3, மதியம் 1.20

டார்கெட் பெயரைத் தமிழில் எழுதினால் ஓடுமா என்று ஒருவர் கேட்டார். ஓடும். ஜிஎன்யூ மேக் (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் மேக்) பெயரை வெறும் பைட்களாகத்தான் பார்க்கிறது. இடைவெளி, முக்காற்புள்ளி போன்ற சில குறிகள் பெயருக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். வேரியபிள் பெயரும் அப்படியே. என் வீட்டு லேப்டாப்பில் பேக்கப் எடுக்கும் மேக்ஃபைல் முழுக்கத் தமிழில்தான் இருக்கிறது, "மேக் சேமி" என்று அடிப்பேன். முன்னால் வரும் மேக் என்ற கட்டளைப் பெயர் மட்டும்தான் ஆங்கிலம்.

ஜூன் 4, இரவு 11.05

"ஒரே டார்கெட்டுக்கு இரண்டு ரூல் எழுதினால் மேலே இருப்பதா, கீழே இருப்பதா?" என்ற கேள்விக்கு.

தேவைகள் என்றால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். உங்கள் .டி கோப்புகள் வேலை செய்வதே இதனால்தான். கட்டளை எழுதிய ரூல் ஒரு பக்கம், ஹெடர்களைச் சொல்லும் ரூல் மறுபக்கம், இரண்டும் ஒரே .ஓ-வுக்கு. கட்டளை இரண்டிலும் இருந்தால் கீழே இருப்பது நிற்கும், மேலே இருப்பது போகும். அதை மேக் எச்சரிக்கையாகச் சொல்லும். நூறு வரி ஓடும் திரையில் அந்த எச்சரிக்கையைப் பார்ப்பவர்கள் குறைவு.

எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று: இரண்டு ரூல்களின் தேவைகளைச் சேர்க்கும்போது, கட்டளை இருக்கும் ரூலின் தேவைகளை ஜிஎன்யூ மேக் முன்னால் வைக்கும். $< என்றால் முதல் தேவை என்பதால், இது இல்லாவிட்டால் இன்க்ளூடின் இடத்தைப் பொறுத்து .சி-க்குப் பதில் ஒரு ஹெடரைக் கம்பைல் செய்யப் போயிருக்கும். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

ஒற்றை முக்காற்புள்ளிக்குப் பதிலாக இரட்டை :: போட்டால் கதை வேறு. ஒரே பெயரில் எத்தனை ரூல் இருந்தாலும் ஒவ்வொன்றும் தனி. ஓட வேண்டியவை கோப்பில் எழுதிய வரிசையிலேயே ஓடும். நான் கிளீனுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துகிறேன், ஒவ்வொரு உட்கோப்பும் தன் குப்பையைத் தானே அள்ளட்டும் என்று.

ஜூன் 6, காலை 6.40

பேட்டர்ன் ரூல். இதில் வரிசையின் பங்கு மேக்கின் பதிப்பைப் பொறுத்து மாறுகிறது. இதற்காக நான் ஒரு சனிக்கிழமையை இழந்திருக்கிறேன்.

%.ஓ: %.சி
	(சாதாரணக் கம்பைல்)

சோதனை/%.ஓ: சோதனை/%.சி
	(சோதனைக்கான கூடுதல் ஃபிளாக்)

சோதனை/வரி.ஓ என்ற கோப்புக்கு இரண்டு ரூலுமே பொருந்தும். 3.81 வரை முதலில் எழுதிய பொருத்தமான ரூல் ஜெயிக்கும். 2010-இல் வந்த 3.82 முதல், சதவீதக் குறிக்குள் அடங்கும் துண்டு எதில் சிறியதோ அது ஜெயிக்கும். முதல் ரூலில் அந்தத் துண்டு "சோதனை/வரி", இரண்டாவதில் "வரி" மட்டும். ஆகவே இரண்டாவது. இரண்டும் ஒரே நீளம் என்றால்தான் பழைய வழக்கப்படி மேலே இருப்பது.

என் லினக்ஸில் சோதனைகள் கூடுதல் ஃபிளாக்கோடு (கம்பைலருக்குக் கொடுக்கும் தேர்வு) கம்பைல் ஆயின. நண்பருடைய மேக்புக்கில் அந்த ஃபிளாக் வரவே இல்லை, பாதிச் சோதனைகள் விழுந்தன. ஆப்பிள் தன் கணினிகளில் போட்டுக் கொடுக்கும் மேக் 2006-இல் வந்த 3.81. அதற்குப் பிந்தைய பதிப்புகள் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்புக்கு மாறிவிட்டன, ஆப்பிள் 3.81-லேயே நின்றுவிட்டது. இரண்டு பேரும் திரையைப் பகிர்ந்து ஒரே கோப்பை வரிவரியாக ஒப்பிட்டோம், ஒரு எழுத்துகூட மாறவில்லை. மேக்கின் பதிப்பை அச்சிட்டுப் பார்க்கலாம் என்று தோன்ற மாலை ஆகிவிட்டது.

குறிப்பான ரூலை மேலே எழுதுங்கள், பொதுவானதைக் கீழே. இரண்டு பதிப்பிலும் ஒரே பலன் கிடைக்கும்.

ஜூன் 9, இரவு 10.15

கேட்டவர் எழுதியிருக்கிறார்: "சரி, தேவைகள் வரியில் இடமிருந்து வலமாக எழுதினால் அதே வரிசையில் செய்யும்தானே? எல்லாம் என்பதற்கு முதலில் பதிப்பு.எச், அடுத்து பில் என்று எழுதியிருக்கிறேன். பதிப்பு எண்ணை ஒரு ஸ்கிரிப்ட் அந்த ஹெடரில் எழுதுகிறது. நன்றாக ஓடுகிறது."

ஓடும். -ஜே (பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யச் சொல்லும் தேர்வு) போடாதவரை ஓடும். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு இன்றே மாற்றுங்கள்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அச்சாக இதே வரி இருந்தது. பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது. கம்பைல் 19 நிமிடம் ஆகிறது என்று புதிதாக எட்டு கோர் கணினி வாங்கி, -ஜே8 போட்டார்கள். 4 நிமிடத்துக்கு இறங்கியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த வாரத்திலிருந்து, காலையில் கிளீன் செய்து ஓட்டும்போது மட்டும், மூன்று நாளில் ஒரு நாள் விழும். திரும்ப ஒரு தடவை அடித்தால் சரியாகிவிடும். "மறுபடி அடி" என்பதே அங்கே வழக்கமாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்கள். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் திரையை அப்படியே சேமித்து வைத்துப் படித்தேன். எட்டு கம்பைல் வரிகள் அடுத்தடுத்து. அவற்றுக்குக் கீழே, பதிப்பு.எச் என்று ஒரு கோப்பே இல்லை என்ற பிழை. அதற்கும் கீழே, இரண்டு வரி தள்ளி, "பதிப்பு.எச் எழுதப்பட்டது" என்று ஸ்கிரிப்ட் அச்சிட்ட வரி. பிழை மேலே, எழுதியது கீழே. அந்த இரண்டு வரிகளில் முழுக்கதையும் இருந்தது.

எல்லாம் என்பதற்கு இரண்டும் தேவை என்றுதான் அந்த வரி மேக்கிடம் சொல்கிறது. பில்லுக்கு பதிப்பு.எச் தேவை என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தபோது இடமிருந்து வலம் போனதால் தற்செயலாகச் சரியாக வந்தது. -ஜே போட்டதும் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டது, அதில் தப்பே இல்லை. இரண்டாவது தடவை அடித்தபோது ஹெடர் ஏற்கெனவே இருந்ததால் ஓடியது.

முதலில் அங்கே செய்த தீர்வு -ஜே-யை எடுத்துவிடுவது. மறுபடி 19 நிமிடம். பிறகுதான் .ஓ கோப்புகளுக்கு நேராக அந்த ஹெடரைத் தேவையாக எழுதினோம்:

$(ஓக்கள்): பதிப்பு.எச்

ஒரே வரி. அதன்பிறகு நான் அங்கே இருந்தவரை ஒரு தடவைகூட அந்தப் பிழை வரவில்லை. (ஜூன் 3 குறிப்பை நினைவில் வையுங்கள்: இந்த வரி ஓக்கள் வரிக்குக் கீழே இருக்க வேண்டும்.)

ஜூன் 10, காலை 7.30

நேற்றைய ஒரே வரியில் ஒரு குறை இருக்கிறது. பதிப்பு எண் மாறும்போதெல்லாம் எல்லா .ஓ-வும் மறுபடி கம்பைல் ஆகும், அந்த ஹெடரைத் தொடவே தொடாத கோப்புகள் உட்பட. அதற்கு இப்படி:

$(ஓக்கள்): | பதிப்பு.எச்

நடுவில் ஒரு நேர்க்கோடு. கோட்டுக்கு வலது பக்கம் இருப்பது முன்னால் இருந்தாக வேண்டும், ஆனால் அது புதிதானது என்பதற்காக என்னை மறுபடி செய்ய வேண்டாம் என்று பொருள். முதல் தடவைக்கு இந்தக் கோடு காவல். அதன்பிறகு எந்தக் கோப்பு உண்மையில் அந்த ஹெடரைப் படிக்கிறது என்பதை .டி கோப்புகள் சொல்லிவிடும்.

.ஓ-க்களைத் தனி ஃபோல்டரில் வைப்பவர்களும் ஃபோல்டரை இந்தக் கோட்டுக்கு வலது பக்கம் எழுத வேண்டும். உள்ளே ஒரு கோப்பு புதிதாக வந்தாலே ஃபோல்டரின் நேரம் மாறிவிடும். சாதாரணத் தேவையாக எழுதினால், எதுவும் மாறாதபோதும் பாதிக் கோப்புகள் திரும்பத் திரும்பக் கம்பைல் ஆகிக்கொண்டிருக்கும்.

இன்னொரு கவனம்: ஸ்கிரிப்ட் ஹெடரை நேராக எழுதாமல், தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டுப் பெயர் மாற்றட்டும். ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்தால், அரைகுறை ஹெடர் ஒன்று புத்தம்புதிய நேரத்தோடு கிடக்கும், மேக் அதை முடிந்த வேலை என்று எடுத்துக்கொள்ளும்.

ஜூன் 14, இரவு 9.00

நட்சத்திரக் குறி பற்றியும் ஒரு எச்சரிக்கை. சி கோப்புகளை *.சி என்று வைல்ட்கார்டு கொண்டு திரட்டினால் அவை எந்த வரிசையில் வரும்? 3.81-இல் அகர வரிசை. 3.82-இல் வரிசைப்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், டிஸ்க் கொடுத்தபடி வந்தது. 2020-இல் வந்த 4.3-இல் மறுபடி அகர வரிசை. நடுவில் இருந்த பதிப்புகளில் ஒரே மூலத்திலிருந்து இரண்டு கணினிகளில் லிங்க் வரிசை மாறி, பைட் அளவில் வேறுபட்ட புரோகிராம்கள் வந்தன. சார்ட் என்ற வரிசைப்படுத்தும் ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டால் எந்தப் பதிப்பிலும் கவலையில்லை. நான் பெயர்களைக் கையால் எழுதுகிறேன். மூன்று கோப்புக்கு அது சுமையே இல்லை.

ஜூன் 21, மாலை 5.45

நம் மேக்ஃபைல் தற்செயலான வரிசையை நம்பி நிற்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எட்டு கோர் கணினி வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். 2022-இல் வந்த 4.4-இல் ஷஃபிள் என்று ஒரு தேர்வு சேர்த்திருக்கிறார்கள். தேவைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப்போட்டு ஓட்டும். விழுந்தால் பிழை வரியிலேயே கலைத்த எண்ணையும் அச்சிடும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசையில் மறுபடி விழவைக்கலாம். ரிவர்ஸ் என்று கொடுத்தால் வலமிருந்து இடம். $^ (எல்லாத் தேவைகளின் பட்டியல்) போன்றவற்றுக்குள் இருக்கும் வரிசையை மட்டும் தொடாது, அதனால் லிங்க் வரிசை கெடாது.

உபுண்டு 24.04-இல்கூட 4.3-தான் வருகிறது. நான் 4.4.1-ஐ மூலத்திலிருந்து எடுத்து வீட்டு ஃபோல்டரில் தனியாக வைத்திருக்கிறேன்.

கேட்டவரின் மேக்ஃபைலை, அவர் மாற்றுவதற்கு முந்தைய வடிவில், கிளீன் செய்து ரிவர்ஸில் ஓட்டினேன். முதல் ஓட்டத்திலேயே பதிப்பு.எச் இல்லை என்று விழுந்தது, -ஜே இல்லாமலே. கோடு போட்ட வரியைச் சேர்த்து இருபது தடவை கலைத்து ஓட்டினேன், இருபதும் சரி.

அதே சூட்டில் என் பேக்கப் மேக்ஃபைலையும் கலைத்துப் பார்த்தேன். மூன்றாவது ஓட்டத்தில் விழுந்தது. சேமி என்பது, ஹார்ட் டிஸ்க் மவுண்ட் ஆவதற்கு (கணினியோடு இணைவதற்கு) முன்பே நகலெடுக்கத் தொடங்கிவிட்டது. பல வருடங்களாக இடமிருந்து வலம் என்ற ஒன்றை மட்டும் நம்பி ஓடியிருக்கிறது. பேக்கப் என்பதால் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. இன்று மாலையே சேமிக்கு நேராக மவுண்டைத் தேவையாக எழுதிவிட்டேன்.

ஜூன் 22, காலை 8.05

.வெயிட் போட்டால் போதாதா என்று ஒருவர். அதுவும் 4.4-இல்தான் வந்தது. தேவைகளுக்கு நடுவே வைத்தால், இடது பக்கம் முடிந்த பிறகே வலது பக்கம் தொடங்கும். ஆனால் அந்த ஒரு பட்டியலுக்கு மட்டும்தான். நாளைக்கு நீங்கள் "மேக் பில்" என்று நேராக அடித்தால் எல்லாம் என்ற வரி ஓடவே ஓடாது, அதற்குள் இருக்கும் .வெயிட்டும் இல்லை. பில்லுக்கு உண்மையில் எது தேவையோ அதை பில்லின் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஜூன் 22, இரவு 9.30

முதல் நாள் எழுதியதில் இன்னொரு திருத்தம். புள்ளியில் தொடங்கும் பெயர் முதல் டார்கெட்டாகக் கணக்கில் வராது என்றேன். பெயருக்குள் சாய்கோடு இருந்தால் வரும். "./பில்" என்று டார்கெட் எழுதியிருப்பவர்கள், அது உச்சியில் இருந்தால், மேக் அடித்ததும் அதையே செய்யும் என்று எதிர்பார்க்கலாம்.